பருந்து இறங்கிய திட்டு

டமார்!

உமிரித் திட்டுப் பக்கமிருந்து வந்தது வெடிச் சத்தம். மறுநொடி, யாரோ போர்வையை உதறியது போல ஏரி முழுக்கப் பறவைகள் எழும்பின. வாத்துகள், உள்ளான்கள், அதற்கும் அப்பால் சிவப்புக் கோடாகப் பூநாரைகள். எல்லாம் ஆந்திரா எல்லையைப் பார்த்து அலறிக்கொண்டு பறந்தன.

தோணிரேவுக் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை. முந்தானைக்குள் கையை விட்டு ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

"உன் வூட்டுக்காரரு கடைய தொறந்துட்டாரு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமளா. வாய்க்குள் வெற்றிலை, கைக்குள் நண்டு. இரண்டும் அவளிடம் படாத பாடு பட்டன.

"கம்முனு இருடி. யாரு காதுலயாச்சும் வுழப்போவுது."

"வெடிச்சது காட்டூர் வரைக்கும் கேட்டிருக்கும். நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரியணுமாக்கும்?"

அதுவும் உண்மைதான். ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகள் ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டால், ஜெசிந்தாவின் அண்ணன் தேவதாஸ் பரணிலிருந்து நாட்டுத் துப்பாக்கியை இறக்கிவிடுவான். துணைக்கு அவள் புருஷன் ஜெரோம். சுடுவது தேவதாஸ், விரட்டுவது ஜெரோம். தலையில் பாசிக் கொத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, வாத்துக் கூட்டத்தைத் திட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போவான். ஒதுக்கி முடித்ததும் மண்மேட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் உமிரிச் செடிக்குள் ஒளிந்திருக்கும் தேவதாஸ் துப்பாக்கிக் குதிரையை இழுப்பான்.

ஜெரோமுக்கு இந்த வேலை பிடிக்காது. "பாசிய தலையில வச்சிகினு ஊர்ந்து போறேன், எனக்கே நான் ஆளா பூச்சியான்னு தெரியல," என்பான். ஆனாலும் மச்சான் கூப்பிட்டால் போவான். கல்யாணமாகி வந்தபோது அவனுக்குச் சொந்தத்தில் ஒரு படகில்லை. தேவதாஸ்தான் தன் படகில் சேர்த்துக்கொண்டான். அந்த நன்றி ஜெரோமின் கழுத்தில் சுருக்குப் போலக் கிடந்தது.

டமார்!

இரண்டாவது வெடி. இதற்கும் ஜெசிந்தா ஆச்சரியப்படவில்லை. முதல் வெடி கூட்டத்துக்கு. இரண்டாவது வெடி, அடிபட்டுச் சாகாமல் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும் ஒன்றிரண்டுக்கு. அந்த ஒன்றிரண்டு எங்கே இருக்கிறது என்று மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. பருந்துக்குத் தெரியும்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஏரியில் இருக்கிற எல்லாம் ஓடும். பருந்துகள் மட்டும் வரும். கரையோரப் பனைகளிலிருந்து செம்பருந்துகள், கோரைக்குள்ளிருந்து சேற்றுப் பருந்துகள், எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கழுகு. வெடிச் சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. திட்டுக்கு மேலே வட்டம் போடும். எந்த வாத்து சிறகொடிந்து கிடக்கிறதோ அதற்கு நேர் மேலே வந்து, இறங்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு நிற்கும். தேவதாஸ் அந்த இடத்தைப் பார்த்துத்தான் இரண்டாவது தடவை சுடுவான்.

"வெள்ளக்காரன் வேட்டைக்கு நாய கூட்டிகினு போனான். எனுக்கு நாய் வானத்துல பறக்குது," என்று அவன் ஜெசிந்தாவின் வீட்டில் உட்கார்ந்து வாத்துக் கறி தின்றபடி பெருமையடித்திருக்கிறான்.

கரையில் இருக்கும் ஜெசிந்தாவுக்கும் அந்தப் பருந்துகள் ஒரு வகையில் தோது. அவை உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டே இருந்தால், கீழே மனுஷர்கள் நின்று வாத்து பொறுக்குகிறார்கள் என்று அர்த்தம். வட்டம் கலைந்து பனைக்குத் திரும்பினால், படகு கிளம்பிவிட்டது. உடனே அவள் வீட்டுக்குப் போய், வாத்து மயிரைப் பிடுங்க வெந்நீர் போடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வெந்நீர் ஆறியதில்லை.

இப்போதும் வலையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு மேல் கையைக் குவித்துத் திட்டைப் பார்த்தாள். தூரத்தில் கடுகு கடுகாகப் பத்துப் பன்னிரண்டு பருந்துகள் சுற்றின. சரி. பொறுக்குகிறார்கள். மறுபடி உட்கார்ந்து நான்கைந்து நண்டு கழற்றினாள். மறுபடி பார்த்தாள். இன்னும் சுற்றின.

மூன்றாம் தடவை பார்த்தபோது வட்டம் சுருங்கியிருந்தது. ஒரு கடுகு கீழே போனது. மேலே வரவில்லை. அடுத்தது போனது. அதுவும் வரவில்லை.

ஜெசிந்தாவின் கையிலிருந்த நண்டு நழுவி மணலில் ஓடியது.

"கோமளா... பருந்து எறங்குது."

"எறங்கினா எறங்கட்டும். அதுக்கும் வயிறு கீதில்ல?"

"ஆளு நிக்கும்போது எறங்காதுடி! கழிய வீசி வெரட்டுவாங்க. ஒண்ணுகூட கிட்ட வராது." ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். "அங்க வெரட்ட யாருமில்ல."

கோமளா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். அவள் முகத்திலும் கிண்டல் இல்லை.

ஜெரோமுக்குப் போன் பண்ணலாமென்றால் அவன் போன் வீட்டு மாடத்தில் இருந்தது. போன வருஷம் ஒரு நாள், சரியான நேரத்தில் ஜெரோமின் போன் அடித்து மொத்தக் கூட்டமும் பறந்துபோனதிலிருந்து, வேட்டைக்குப் போகும்போது இருவருமே போனைத் தொடுவதில்லை.

அப்போதுதான் சாலைப் பக்கமிருந்து ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் தேவதாஸ்.

ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. "அண்ணா! வந்துட்டீங்களா? அவரு எங்க?"

"யாரு?"

"இன்னா யாரு? உன்னோடதான வந்தாரு?"

தேவதாஸ் துண்டால் தலையைத் துவட்டினான். முடி ஈரமாயிருந்தது. "நான் இன்னிக்கிப் போவல, ஜெசி. ராத்திரியிலேர்ந்து ஒடம்பு அனலா கொதிக்குது. இப்பதான் தலைக்கு ஊத்திகினு வரேன். அவன்தான் துப்பாக்கிய குடு, நானே பாத்துக்கறேன்னு வாங்கிகினு போனான்."

"தனியாவா?"

"நான் சொன்னேன். கேட்டாதானே."

துப்பாக்கியை ஜெரோம் தூக்கி நடந்திருக்கிறான். சுட்டு ஜெசிந்தா பார்த்ததில்லை. "அண்ணா, திட்டுல பருந்து எறங்கிடுச்சி. அவருக்கு இன்னாவோ ஆயிப்போச்சி. படக எடு."

தேவதாஸ் திட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "செத்த மீனு ஏதாச்சும் ஒதுங்கியிருக்கும். அதுக்கு எறங்கியிருக்கும்."

"மீனுக்கு இத்தினி பருந்தா?"

"பாரஸ்டுக்காரன் போட்டு அந்தாண்ட சுத்திகினு கீது, தெரியுமா உனுக்கு? நாம நேரா அங்க போனா நம்ம பின்னாலயே வருவான். வாத்து, துப்பாக்கி எல்லாம் மாட்டும். அவன் மட்டுமில்ல, ஊரே மாட்டும். கொஞ்ச நேரம் பொறு. அவனே வந்துடுவான்."

கரையில் நின்ற இரண்டு மூன்று ஆண்களைப் பார்த்தாள் ஜெசிந்தா. எல்லோரும் வாத்துக் கறி தின்றவர்கள். ஒருவன் வலையைப் பார்த்தான். ஒருவன் வானத்தைப் பார்த்தான். இன்னொருவனுக்குத் திடீரென்று செருப்பு வார் அறுந்துபோன ஞாபகம் வந்து, குனிந்துகொண்டான்.

"த்தூ," என்றாள் கோமளா. "ஆம்பளைங்களா நீங்க? வாத்துக் காலு கடிக்கும்போது மட்டும் வாய் இத்தினி பெருசா தொறக்குது. ஏறுடி ஜெசி!"

கோமளா தன் படகைத் தள்ளினாள். ஜெசிந்தா மூங்கில் கழியை எடுத்தபோது தேவதாஸ் வந்து அதைப் பிடித்தான்.

"சொன்னா கேளு. போவாத."

"வுடு."

"ஜெசி, நான் உன் அண்ணன் சொல்றேன்."

அண்ணன் சொல்லி அவள் கேட்காமல் இருந்தது கிடையாது. யாரைக் கட்டிக்கொள் என்றானோ அவனைக் கட்டிக்கொண்டாள். அப்பன் போன பிறகு அவன்தான் எல்லாம். கழியை விட்டுவிடத்தான் கை போனது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் இன்னொரு பருந்து, செங்குத்தாக, கல் விழுவது போல இறங்கியது. ஜெசிந்தா கழியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

படகு ஆழமில்லாத தண்ணீரில் சேற்றை உரசிக்கொண்டு போனது. இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிக் கழி போட்டார்கள். பாதி தூரம் போனபோது பின்னால் மோட்டார் சத்தம். தேவதாஸ் சொன்னது சரிதான். வனத்துறைப் படகு.

அது சீக்கிரமே பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. முன்னால் நின்றவர் வாச்சர் ஞானதாஸ். பக்கத்து ஊர்க்காரர்தான், மாதா கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுகிறவர்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? நண்டு புடிக்கவா?"

"எதுக்கு எங்க பின்னால வரீங்க?" என்றாள் கோமளா.

"உங்க பின்னால ஏன் வரப்போறோம்? நாங்க பருந்து பின்னால போறோம். வெடிச் சத்தம் கேட்டா எங்க வெடிச்சாங்கன்னு ஏரியில ஒரு மண்ணும் புரியாது. பருந்துங்க எங்க போவுதோ அங்கதான் சுட்டவன் இருப்பான். எங்களுக்கு அதுங்கதான் சி.ஐ.டி."

ஜெசிந்தா ஒரு கணம்தான் யோசித்தாள். அப்புறம் கழியைப் படகுக்குள் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், அங்க என் வூட்டுக்காரரு கீறாரு. என்னை உங்க போட்டுல ஏத்திக்குங்க. கேஸு போடுங்க, இன்னா வேணா போடுங்க. ஜல்தியா போங்க."

திட்டில் கால் வைத்ததும் பருந்துகள் எழும்பின. ஒரு செம்பருந்து மட்டும் எழும்பவில்லை. பிடித்த வாத்தை விட மனசில்லாமல், கொத்திய இடத்திலேயே நின்று அவர்களை முறைத்தது. அந்த வாத்து ஜெரோமின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஜெரோம் மண்மேட்டில் சாய்ந்து கிடந்தான். இடது பக்க முகம் முகமாயில்லை. தோளிலும் கழுத்தோரத்திலும் ஈய ரவை துளைத்த பொட்டுகள். பாசிக் கொத்து இன்னும் தலையில் பாதி தொங்கியது. மடியிலும் கால்மாட்டிலும் வாத்துகள். வலது கைக்கருகே துப்பாக்கி.

"யோவ்!" என்று கத்திக்கொண்டு விழுந்தாள் ஜெசிந்தா. "யோவ், இங்க பாருய்யா!"

வலது கண் மெல்லத் திறந்தது. உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஆனால் உயிர் இருந்தது.

ஞானதாஸ் துப்பாக்கியைத் துணியால் எடுத்துப் பார்த்தார். "குழல்ல மருந்து இடிச்சிகினு இருந்திருப்பான். மூஞ்சிக்கு நேரா வெடிச்சிருக்கு," என்றார். திட்டுவதற்குக்கூட அவருக்கு மனசில்லை. "தூக்குங்கய்யா."

வாத்துகளும் துப்பாக்கியும் ஒரு சாக்கில் ஏறின. ஜெரோம் நான்கு பேர் கையில் ஏறினான். இரண்டும் ஒரே படகில் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஜெரோமின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். தோளிலிருந்து ரவைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். கழுத்தோரம் இருந்ததை எடுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். அவனுக்கு நினைவு தெளிந்து, கஞ்சி குடித்து, "ஜெசி" என்று கூப்பிட்ட அன்று, வார்டு வாசலில் தேவதாஸ் வந்து நின்றான். கையில் இளநீர். கண் சிவந்திருந்தது.

"பேசறானா?" என்றான்.

"இப்பதான் ஒண்ணு ரெண்டு பேசறாரு. உள்ள வா."

"இரு. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

காரிடார் மூலையில், மருந்து நாற்றத்துக்கு நடுவில், தேவதாஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு அவனும் போயிருந்தான். முதல் வெடிக்கு அப்புறம் வனத்துறைப் படகுச் சத்தம் கேட்டிருக்கிறது. சீக்கிரம் பொறுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று ஜெரோம், இரண்டாவது வெடிக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் பின்னாலிருந்து ஊர்ந்து வந்திருக்கிறான். தலையில் பாசி. கையில் சிறகடிக்கிற வாத்து. அதற்கு நேர் மேலே ஒரு சேற்றுப் பருந்து வந்து நின்றிருக்கிறது.

"பருந்து காட்டுச்சி, ஜெசி. கோரைக்குள்ள றெக்கை அடிக்கறது தெரிஞ்சுது. எப்பவும் போல... பருந்துக்குக் கீழ சுட்டேன்."

ஜெசிந்தா கையை உதறினாள். "கரையில என் மூஞ்சிய பாத்து செத்த மீனுன்னு சொன்னியே."

"பயம்டி. கிட்ட போயி பாத்தேன், மூச்சில்ல. செத்துட்டான்னு நெனச்சேன். கையும் ஓடல, காலும் ஓடல. துப்பாக்கி எங்க வுழுந்துச்சின்னுகூட தெரியாது. அப்படியே ஓடியாந்துட்டேன். பழைய கால்வாயில படக வுட்டுட்டு..."

"செத்துட்டாருன்னு நெனச்சா, பொணத்த எடுக்கறதுக்கு ஆளு வேணாமா? என்னையும் போவ வுடல நீ. பருந்து கொத்தட்டும்னு வுட்டுட்டியா?"

தேவதாஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். வார்டு ஆயா வந்து, "இன்னா இங்க நாடகம்? வெளிய போயி ஆடுங்க," என்று விரட்டினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் மிச்சத்தையும் சொன்னான். நாளைக்கு ரேஞ்சர் வாக்குமூலம் எடுக்க வருகிறார். துப்பாக்கி வெடித்து அடிபட்டது என்றுதான் இப்போதைக்குப் பேச்சு. அது அப்படியே இருக்கட்டும். ஜெரோம் மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

"மாட்டினவன் மாட்டியாச்சி. கண்ணும் போயிடுச்சி. என்னையும் உள்ள வச்சா அவனுக்குக் கண்ணு திரும்பி வருமா? ரெண்டு வூட்டுக்கும் ஒரு ஆம்பளையாச்சும் வெளிய வேணாமா? உன்னையும் புள்ளைங்களையும் நான் பாத்துக்கறேன். ஏரியில வலை போட நம்ம பாட்டு முறை வந்தா, அவன் பங்குக்கும் நானே போடறேன். மாதா மேல சத்தியம்."

ஜெசிந்தா மரத்தில் சாய்ந்து நின்றாள். அவன் மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. ஒற்றைக் கண்ணோடு ஜெரோம் நாளைக்கே படகேறப் போவதில்லை. அண்ணனும் ஜெயிலுக்குப் போனால் ஏரியில் அவளுக்காக வலை போட யார் இருக்கிறார்கள்? அன்று செருப்பு வாரைப் பார்த்துக் குனிந்தவனா?

தவிர, பயந்து ஓடினவன்தானே. வேண்டுமென்றா சுட்டான்? பருந்தை நம்பிச் சுட்டான். இந்த ஏரியில் வேட்டைக்குப் போகிற எவனும் அந்த இடத்தில் சுட்டிருப்பான். பிணமென்று நினைத்து ஓடியிருக்கிறான். கோழை. கோழைக்கு என்ன தண்டனை கொடுப்பது? கூடப் பிறந்தவனாயிருந்தால் என்ன கொடுப்பது?

"சொல்லிப் பாக்கறேன்," என்றாள் கடைசியில். "நீ உள்ள வராத. அவரு மூஞ்சில முழிக்காத."

இளநீரை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனாள். ஜெரோம் வலது கண்ணால் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தலையைத் தூக்கி இரண்டு வாய் புகட்டினாள். மூன்றாவது வாய் கழுத்துவழியாக வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"வெளிய அண்ணன் நிக்குது," என்றாள்.

அவன் கண் மின்விசிறியிலேயே இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிடுச்சி. பருந்த பாத்து ஏமாந்து சுட்டுட்டேன்னு அழுவுது. தப்புதான்யா. நான் இல்லன்னு சொல்லல. நாலு வார்த்த கேட்டுட்டேன். ஆனா..." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நாளைக்கி ரேஞ்சர் வருவாராம். இன்னா நடந்துச்சின்னு கேப்பாராம். துப்பாக்கி தானா வெடிச்சிச்சின்னு சொல்லிடேன்."

"ஏன்?"

"நம்ம புள்ளைங்களுக்கு யாருய்யா கீறாங்க? அது வேணும்னு செய்யல. நீ செத்துட்டேன்னு நெனச்சு, பயந்துபோயி, துப்பாக்கியக்கூட அங்கயே போட்டுட்டு ஓடியாந்துடுச்சி. உசுரு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா உன்னை வுட்டுட்டு வந்திருக்குமா?"

ஜெரோம் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தில் வைத்தான். பேசுவதற்கு முன்னால் எச்சில் விழுங்கினான். ரவை நின்றுபோன கழுத்து அதற்கே வலித்திருக்க வேண்டும்.

"தண்ணி குடு மச்சான்னு நான் வாய் தொறந்து கேட்டேன், ஜெசி, உங்கண்ணன் துப்பாக்கிய என் கையாண்ட வச்சான், வாத்துங்கள ஒண்ணொண்ணா பொறுக்கியாந்து என் மடியில போட்டான், 'பாரஸ்டு வந்தா நீ சுட்டதாவே இருக்கட்டும் மச்சான்'னு சொல்லிட்டுத்தான் போனான்."